கப்பல் தாளில் இரண்டு கோடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். எந்த இடத்தில் எந்த 'ள' வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. பிழைகளைத் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஐம்பத்துமூன்று வயதாகியும் வரவில்லை.

இதை முதலில் வாசிக்கப் போகிறவர்கள் என் மகள், அவள் கட்டிக்கொள்ள இருக்கும் பையன், பையனின் அப்பா. அதற்குப் பிறகு யார் வாசித்தாலும் எனக்குக் கவலை இல்லை. யாருடைய பெயரையும் எழுதவில்லை. பெயர்களைத் தேடிப் போய்த்தான் இவ்வளவு அசிங்கமும் வந்தது.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஸ்டோரில் வேலை செய்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட வைப்பது என் வேலை. என் சம்சாரம் மலையில் கொழுந்தெடுக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள். ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். அதே கடையில் வேலை செய்யும் ராகலைப் பையனுக்கு அவளைப் பிடித்தது, அவளுக்கும் அவனைப் பிடித்தது. நல்ல பிள்ளை. என்னோடு பேசும்போது எனக்கு வார்த்தை வரும்வரை பொறுத்திருப்பான். அதைச் செய்கிறவர்கள் அதிகம் இல்லை.

போன வருடம் அவன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். ராகலையில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டு லொறியில் அனுப்புகிறவர். சொந்த வீடு, சொந்த மண். எங்கள் தோட்டத்தில் மேலே ஒரு லயம், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய கூலி வீடுகள், கீழே ஆற்றோரம் இன்னொரு லயம். நாங்கள் கீழே, பணிய லயத்தில் இருக்கிறோம். மழை பெய்தால் மேல் லயத்துச் சாக்கடைக் கான் தண்ணீர் எங்கள் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் ஆற்றுக்கு இறங்கும். அந்தக் கானைத் தாண்டுவதற்கு அவர் சாரத்தை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தார். அன்றைக்கு மழை இல்லை, கான் காய்ந்து கிடந்தது.

பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டிருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தேத்தண்ணி ஊத்தட்டுங்களா?" என்று என் சம்சாரம் கேட்டாள்.

"வேணாங்க. எனக்குச் சீனி வருத்தம்."

"சீனி போடாம ஊத்துறேங்க."

"வெறும் தேத்தண்ணி குடிச்சா நெஞ்சு எரியுதுங்க."

"அப்ப ஒரு கிளாஸ் சுடுதண்ணியாச்சும்?"

"வர்ற வழியிலதாங்க குடிச்சேன்."

சுடுதண்ணீர் குடித்தால் என்ன வருத்தம், என்ன நோய் வரும் என்று அவர் சொல்லவில்லை. சம்சாரம் அடுப்பங்கரைக்குப் போய்க் கேத்தலை இறக்கி வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

பிறகு அவர் என்னைப் பார்த்து, "ஒங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊருங்க?" என்றார்.

"திருச்சிப் பக்கம்னு அப்பா சொல்லுவாருங்க."

"திருச்சிப் பக்கம்னா ஆயிரம் ஊரு இருக்குங்களே. என்னா ஆளுக?"

நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு தாள். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பழைய பதிவாம். அதில் அவருடைய தாத்தாவின் பெயரும் ஊரும் சாதியும் இருக்கிறதாம். உறையை என் கையில் தரவில்லை. தூரத்தில் பிடித்துக் காட்டிவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"பையன் ஆசப்பட்டுட்டான், நான் குறுக்க நிக்கல. ஆனா எங்க சொந்தக்காரங்க கேப்பாங்க. இப்பல்லாம் கப்பல் பதிவ எடுத்துக் குடுக்க ஆளு இருக்காங்க. நீங்களும் எடுத்துக் காட்டுங்க. சரியா இருந்தா பேசி முடிச்சிருவோம்."

சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற மகளுக்கும் அது விளங்கியது.

ஹட்டன் ஸ்டேசனுக்குப் போகிற வழியில் போட்டோக் கொப்பி எடுக்கும் ஒரு சின்னக் கடை. அதை நடத்தும் பையன் கம்பியூட்டரில் பழைய பதிவுகளைத் தேடிக் கொடுப்பான். இந்தியத் தாள்களுக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் அவனிடம்தான் போவார்கள். தோட்டத்துப் பழைய பிறப்புப் பதிவின் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் என் தாத்தா பெயரும், தாத்தாவின் அப்பா, அதாவது என் பூட்டன் பெயரும் இருந்தன. இரண்டு தரம் போயும் கிடைக்கவில்லை. இரண்டு தரமும் கவுண்டருக்கு வெளியே நின்றேன். அவன் உள்ளே உட்கார்ந்து தேடினான்.

இரண்டாம் தரம் போனபோது ஒரு பக்கத்தைக் காட்டினான். கப்பலில் வந்தவர்களின் பட்டியல். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, அவன் வாசித்துச் சொன்னான்.

"மேல இருக்கவங்கல்லாம் வெள்ளக்காரங்கண்ணே. இன்ன தொர, இன்ன தொரசானி, புள்ளைக ரெண்டு, பெட்டி எட்டு, நாயி ஒண்ணு."

"நாயிக்குப் பேரு போட்டிருக்கா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அவன் குனிந்து பார்த்தான்.

"அட, ஆமாண்ணே. போட்டிருக்கு." நாயின் பெயரை வாசித்துவிட்டுச் சிரித்தான்.

"நம்ம ஆளுக எங்க?"

"கடைசி வரியில. கூலிகள்னு போட்டு ஆம்பள இத்தன, பொம்பள இத்தன, புள்ளைக இத்தன. பேரு இல்லண்ணே."

பக்கத்துக் கடையில் கொத்து ரொட்டி போடுகிற சத்தமும் எண்ணெய் வாசமும் வந்துகொண்டிருந்தன. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தேன். சாப்பிடாமலே பஸ் ஏறினேன்.

மூன்றாம் தரம் கிடைத்தது. அது கப்பல் பட்டியல் இல்லை. கப்பலில் ஏற்றுமுன் இந்தியக் கரையில் முகாமில் அடைத்து வைத்து, உடுத்தியிருந்த துணியை அவித்து, உடம்பில் மருந்தூற்றிக் குளிப்பாட்டி, அப்போது ஆள் ஆளாக நிறுத்தி எழுதிய பதிவு. அதில் கூலிகளுக்கும் பெயர் இருந்தது. என் பூட்டனின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், வயது இருபத்திரண்டு, ஊர், சாதி, உடம்பில் உள்ள அடையாளம்.

"எடது கணுக்கால்ல தழும்பு," என்று கடைப் பையன் வாசித்தான்.

என் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத ஒரு தழும்பு. அது எப்படி வந்தது என்று எழுதவில்லை. சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்கிறவன்போல் ஒருத்தன் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டு, அடுத்தவனைக் கூப்பிட்டிருப்பான். இருந்தாலும் அந்தத் தழும்பு ஒன்றுதான் அந்தத் தாளில் எனக்குப் பிடித்தது. அது அவருடையது. மற்றதெல்லாம் என்ன என்பதை இனிச் சொல்கிறேன்.

சாதிக் கட்டத்தில் இருந்ததை வாசிக்கும்போது பையன் குரலைத் தணித்துக்கொண்டான். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதமாட்டேன். ராகலைக்காரர் எதிர்பார்த்த சொல் அதுதான் என்பது மட்டும் போதும்.

"நல்ல ஆளுகதாண்ணே நீங்க," என்றான். உள்ளே கிடந்த ஸ்டூலைத் துடைத்து, "உக்காருங்கண்ணே," என்று நகர்த்திப் போட்டான். இரண்டு தரமும் அந்த ஸ்டூல் அங்கேதான் கிடந்தது.

நான் உட்காரவில்லை. கம்பியூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டன் பெயருக்கு நேரே அந்தச் சொல் எழுதியிருக்கவில்லை. இரண்டு சின்னக் கோடுகள்தான் இருந்தன. ஊர்க் கட்டத்திலும் இரண்டு கோடு. அவருக்கு மேலே, கீழே, பக்கம் முழுக்க, எல்லோருக்கும் இரண்டு கோடு.

அந்தக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஸ்டோரில் கொழுந்துச் சாக்கு வந்து இறங்கும்போது எந்த மலைக் கொழுந்து என்று புத்தகத்தில் எழுத வேண்டும். முதல் வரியில் மலையின் நம்பரைப் போடுவார்கள். அடுத்ததும் அதே மலை என்றால் கீழே இரண்டு கோடு. மழை நாளில், லொறி பிந்தி வந்தால், எழுதுகிற ஐயா சாக்கை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். மேலிருந்து கீழ்வரை இரண்டு கோடு இழுத்துவிடுவார். மூன்று மலைக் கொழுந்தும் புத்தகத்தில் ஒரே மலையாகிவிடும். வாட்டுகிற எங்களுக்கு இலையைத் தொட்டாலே தெரியும். சொல்லமாட்டோம். புத்தகம் அவருடையது.

"மொத வரியில யாரு தம்பி இருக்கா?"

"கங்காணிண்ணே. அவருக்கு மட்டும்தான் ஊரு, சாதி எல்லாம் முழுசா எழுதிருக்கு. மத்தவங்க அவரு கூட்டிட்டு வந்த ஆளுக."

என் அப்பா ஒரே ஒரு நாள் இதை எனக்குச் சொன்னார். விறகு பிளந்துகொண்டிருந்தோம். அவருடைய அப்பா அவரிடம் சொன்னதாம். முகாமில் எழுதுகிறவன் வந்து நிற்கும்போது, கங்காணி தன் ஆட்களிடம், "யாரு கேட்டாலும் என் ஊருன்னு சொல்லு. எங்க ஆளுன்னு சொல்லு," என்றானாம். சாதிக்கொரு சமையல், சாதிக்கொரு வரிசை என்று பிரித்தால் ஆட்கள் கலைந்து வேறு கங்காணியோடு போய்விடுவார்கள் என்று அவனுக்குப் பயம். அதனால் எல்லோரும் அவன் ஊர், எல்லோரும் அவன் சாதி. ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். கடல் தாண்டும்வரை அப்படி. தோட்டத்துக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே அதே கங்காணி மேட்டில் நின்றுகொண்டு, நீ மேல் லயம், நீ பணிய லயம் என்று கையைக் காட்டிப் பிரித்தான். தாளில் போட்ட கோட்டை அவன் நம்பவில்லை. யார் யார் என்பது அவனுக்குத் தெரியும்.

நாங்கள் அன்றைக்கு இறங்கிய பணிய லயத்தில்தான் இன்றைக்கும் இருக்கிறோம்.

அப்பா இதைச் சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாத," என்றார். சொல்லவில்லை. நான் எதைத்தான் யாரிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம் சொன்னேன். தாளை வாங்கி அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்தாள்.

"தாளு கெடச்சிருச்சா? கெடச்சிருச்சு. அவங்க கேட்டது இருக்கா? இருக்கு. அதுக்கு மேல ஒங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

"பொய்தானேடி அது."

"கங்காணி சொன்ன பொய்யி. ஒங்க வாயில வந்ததா? பேசவே தெரியாத மனுசன் இப்பத்தான் பேசப் போறாராக்கும்."

மகள் கணுக்கால் தழும்பைப் பற்றி மட்டும் இரண்டு தரம் கேட்டாள்.

தாளின் கொப்பி ராகலைக்குப் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி வந்தார். கானைத் தாண்டும்போது சாரத்தைத் தூக்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். என் சம்சாரம் தங்கச்சி ஆனாள், நான் சம்பந்தி ஆனேன்.

சீனி வருத்தம் ஒரு தாளில் குணமாகிவிட்டது. கேசரியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். உளுந்து வடையைப் பிய்த்துச் சட்னியில் அமுக்கி, விரல் மூட்டுவரை வாய்க்குள் விட்டு எடுத்தார். மீசை முழுக்க எண்ணெய்.

"தங்கச்சி, தேத்தண்ணிக்கு இன்னும் ரெண்டு கரண்டி சீனி போடுங்க. கை நடுங்குது ஒங்களுக்கு," என்று சிரித்தார்.

அதே கையால் பிளாஸ்டிக் உறையிலிருந்து தன் தாளை எடுத்து, எங்கள் தாளோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். பூட்டனின் பெயர்மேல் எண்ணெய் வட்டமாக ஊறியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாயில் தண்ணீர் ஊறியது, பசியால் அல்ல. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்தத் தண்ணீர்.

இதை அவரும் வாசிப்பார் என்று தெரியும். வாசிக்கட்டும்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவ வெளியே வந்தார். நான் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கானோரம் போய், அவர் கையில் ஊற்றினேன். வேறு யாரும் இல்லை. எனக்கு முன்னால் ஒரே ஒரு ஆள். அதனால்தான் வாய் வந்தது என்று நினைக்கிறேன்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லணுங்க."

"சொல்லுங்க."

"அந்தத் தாளு சரியில்லைங்க. அது கங்காணியோட ஊரு, கங்காணியோட சாதி. எங்களுக்கு வெறும் ரெண்டு கோடுதாங்க போட்டிருக்கு. எங்க ஆளுக அது இல்லீங்க. பிரிக்கிறப்ப இங்க பணிய லயத்துக்கு எறக்கிவிட்ட ஆளுக நாங்க."

அவர் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்து, கானில் துப்பினார். இன்னொரு தரம் கொப்பளித்தார். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

"எங்க தாத்தன் எத்தனாவது வரின்னு நெனைக்கிறீங்க?"

எனக்கு விளங்கவில்லை.

"பதினேழாவது வரி. ரெண்டு கோடுதான். நான் கண்ணு தெரியாதவனா சம்பந்தி? எங்க ஆளுக யாருன்னு எங்கப்பன் எனக்கும் சொல்லித்தான் செத்தான்."

"தெரிஞ்சுமா எங்களக் கேட்டீங்க?"

"கேக்காம? தாளு இல்லாத எடத்துல பொண்ணெடுத்தா, ஒன் தாளு எப்படிப்பட்டதுன்னு நாளைக்கு எங்க சொந்தக்காரங்க நோண்டுவாங்க. இப்ப ஒங்க தாளு எங்க தாளுக்குச் சாட்சி, எங்க தாளு ஒங்க தாளுக்குச் சாட்சி. வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இருங்க, எல்லாம் நல்லா நடக்கும்."

"அன்னிக்கு ஒரு வாய் சுடுதண்ணி கூட குடிக்கலீங்களே."

"அன்னிக்குத் தாளு இல்லையே," என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கணக்குத் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னார். என் தோளில் கிடந்த துவாயை இழுத்துக் கையையும் மீசையையும் துடைத்துவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்க," என்றேன். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் அவர் காலில் ஊற்றினேன், செருப்பில் சேறு இருந்தது என்று.

மற்றவர்களை நினைத்து வந்த அருவருப்பைவிட அதுதான் பெரிதாக இருக்கிறது. கங்காணி தன் வசதிக்குப் பொய் சொன்னான். எழுதியவன் சோம்பேறித்தனத்தில் கோடு போட்டான். இவர் பயத்தில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் எங்கள் வீட்டுச் சுடுதண்ணீரை வேண்டாம் என்றபோது, தானும் எங்களைப் போன்ற ஆள்தான் என்பது அவருக்குத் தெரியும். தன் தாத்தா வீட்டுத் தண்ணீரையே வேண்டாம் என்று தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்ட ஆளின் காலுக்கு நான் தண்ணீர் ஊற்றினேன். அந்தத் துவாயைத் துவைக்கவில்லை. அடுப்பில் போட்டேன். சம்சாரம் ஏசினாள்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு மகளோடு ரோட்டுவரை ஏறினேன். ஏறும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளிடம் எனக்குப் பேச்சு வரும். அவள் பஸ்ஸில் ஏறினாள். ஏறிய பிறகு ஜன்னலைத் தள்ளித் திறந்து, "அவருகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேம்பா," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னாள்.

"அவருக்கும் தெரியுமாம்பா."

"எப்ப இருந்து?"

"மொதல்ல இருந்தே. அப்பாவ எதுத்துப் பேச முடியலையாம். கல்யாணம் முடிஞ்சா எல்லாம் சரியாப் போயிருமாம்."

பொறுமையாக என் வார்த்தைக்குக் காத்திருந்த அந்தப் பையனை நினைத்தேன். அவன் காத்திருந்தது பொறுமைதானா, அல்லது நான் சொல்லிவிடுவேனோ என்ற பயமா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தேகம் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் என்னைப் போலவே ஒரு ஆள், அவ்வளவுதான் என்றும் தோன்றுகிறது. அவனும் "சரிங்க" என்றிருக்கிறான்.

"அந்தத் தாளக் கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டப் போறாராம் அவங்கப்பா," என்றாள் மகள். "சாமிப் படத்துக்குப் பக்கத்துல. ரெண்டு தாளையும் ஒண்ணா."

"மாட்டட்டும். நீ என்னா செய்ய முடியும்?"

"நாளைக்கு எனக்குப் புள்ள பொறக்கும். அது அதப் பாத்து வாசிச்சு, அதுதான் நாமன்னு நெனைக்கும். யாராச்சும் வீட்டுக்கு வந்தா அதுவும் தண்ணி குடிக்கலாமா வேணாமான்னு பாக்கும்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க எழுதிக் குடுங்கப்பா. தாத்தா சொன்னது, நீங்க பாத்தது, கான்கிட்ட அவங்கப்பா சொன்னது, எல்லாத்தையும்."

"என் எழுத்த யாரும்மா வாசிப்பா?"

"நான் வாசிப்பேன். அவரு வாசிக்கணும். அவங்கப்பாவும் வாசிக்கணும். வாசிச்சதுக்கு அப்புறமும் வேணும்னு சொன்னா கல்யாணம். அந்தத் தாளுக்குப் பக்கத்துல இதையும் மாட்டணும். இல்லாட்டி வேணாம்."

"ஒனக்கு அவனப் புடிக்குமேம்மா."

"புடிக்கும்பா," என்றாள். அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பையிலிருந்து எழுதுகிற ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தாள். கடையிலிருந்து வாங்கி வந்தே இருந்தாள்.

அது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. வைகாசியில் கல்யாணம் என்று ராகலையில் மண்டபம் பார்த்தாகிவிட்டது. நான் எழுதினால் அது நின்றுபோகலாம். சம்சாரம் என்னோடு பேசுவதில்லை. ஐந்து வாரமும் ஒவ்வொரு ஞாயிறும் மகள் வந்து கொப்பியைத் திறந்து பார்ப்பாள். வெறும் பக்கம் இருக்கும். மூடி வைப்பாள். அந்தப் பொறுமையை என்னால் தாங்க முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை ஸ்டோரில் கொழுந்து வந்தது. எழுதுகிற ஐயா மேலிருந்து கீழ்வரை இரண்டு கோடு இழுத்தார். நான் இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, இது கீழ மலைக் கொழுந்துங்க. வேறங்க," என்றேன். அவர் என்னைப் பேய் பேசியதுபோல் பார்த்தார். வைதுகொண்டே அடித்துத் திருத்தினார்.

இன்றைக்குக் காலையில் உட்கார்ந்தேன். சம்சாரம் கோயிலுக்குப் போயிருக்கிறாள். மகள் பகல் பஸ்ஸில் வருவாள். ஊர் எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் யார் என்பது தெரியும். அந்தச் சொல்லையும் நான் எழுதவில்லை, ஒளிப்பதற்காக அல்ல. கேட்டால் வாயால் சொல்வேன். பூட்டனைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்: இருபத்திரண்டு வயதில் வந்தார், இடது கணுக்காலில் தழும்பு இருந்தது, மேட்டிலிருந்து கை காட்டிய இடத்துக்கு இறங்கினார். அவருடைய பேரனின் மகன் நான் இதைப் பணிய லயத்தில் இருந்து என் கையால் எழுதினேன்.

2025 பெப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை.